சாத்துக்குடி போட்ட வாளி

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. என் கணவர் வயிற்றில் கட்டி என்று படுத்த அந்த வருடம், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னால் நான் ஒரு பழக்கடையே போட்டிருக்கலாம். சாத்துக்குடி, ஆப்பிள், சிறுமலையிலிருந்து நாத்தனார் கொண்டுவரும் மலைவாழைப்பழம். அவர் எதையாவது சாப்பிட்டால் போதும் என்று இருந்தோம். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார். வயிற்றுக்குள் ஏதாவது போய்க்கொண்டே இருந்தால்தான் தாக்குப்பிடிப்பாராம்.

இயற்கை விவசாயம் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்த சமயம் அது. ஒரு கூட்டத்தில் கேட்டுவந்து, பழக்கழிவை வெல்லத்தோடு பழைய பெயிண்ட் வாளியில் ஊறப்போட்டேன். இருபது நாளில் கரைசலாகும். தண்ணீர் கலந்து கொல்லையில் கத்தரிச் செடிக்கு ஊற்றுவேன். முதலில் வாளிக்குத் தோல் மட்டும் போனது. பிறகு அவர் உறிஞ்சித் துப்பிய சக்கை. பிறகு பாதிப் பழம். கத்தரி கொழுத்துக்கொண்டே வந்தது.

“எனக்கு வந்ததெல்லாம் அது திங்குதாக்கும்?” என்பார்.

“நீங்க சாப்பிட்டா அதுக்கு ஏன் போகுது?” என்பேன்.

அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கைகால் வேலை செய்தது, உள்ளே மரத்துப்போயிருந்தது.

கடைசியில் கஞ்சித் தண்ணீர் தவிர எதையும் அவர் தொடவில்லை. காலையில் உரித்து வைப்பதும், சாயங்காலம் எறும்பு மொய்த்ததைக் கொட்டுவதும் எதற்கு என்று தோன்றிவிட்டது. வந்த பழத்தையெல்லாம் காலையிலேயே நறுக்கி வாளியில் போட ஆரம்பித்தேன். நல்ல பழத்தை. அது தப்பென்று அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் அப்படிப் போட்டுவிட்டுக் கை கழுவி உள்ளே வந்தேன். அவர் கண் திறந்து, “வாய் கசக்குது. சாத்துக்குடி ஒரு சுளை குடு” என்றார். பல நாளாக அவராக எதுவும் கேட்டதில்லை.

வீட்டில் ஒன்றுகூட இல்லை.

“செத்த நேரம் பொறுங்க, இந்தா வாரேன்” என்று செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினேன். வாங்கிவந்து உரித்து உதட்டருகே நீட்டினேன். முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டார்.

“இப்ப வேணாம்” என்றார். குரலில் கோபமில்லை.

அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தார். தினமும் ஒரு சுளையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.