பெரியப்பா சொன்ன வெயில்

ஒவ்வொரு மாதமும் கடைசி நாளன்று எங்கள் பெரியப்பா யாரோடும் பேசமாட்டார். கல்லூரி ஆபீசில் கிளார்க் வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். காப்பியை அம்மா என்னிடம் கொடுத்து அனுப்புவாள். மேஜையில் வைத்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் வெயில் எப்படி அடிக்கும் என்று அவர் முடிவு செய்கிற நாள் அது.

இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரைப் போலவே வெயில் பைத்தியம் பிடித்த சிலர் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். எல்லாரும் கம்ப்யூட்டரில் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். தன் ஊரில் வரப்போகும் மாதத்தின் சராசரி வெப்பம் என்னவாக இருக்கும் என்று, மாதம் பிறக்கும் முன்பே ஒவ்வொருவரும் சொல்லிவிட வேண்டும். மாதம் முடிந்ததும் யாருடைய கணக்கு உண்மைக்குக் கிட்டத்தில் வந்தது என்று பார்ப்பார்கள். ஜெயித்தவருக்கு மற்றவர்கள் கைதட்டுகிற படம் ஒன்றை அனுப்புவார்கள். பரிசு அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்காகப் பெரியப்பா மொட்டைமாடியில் ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார். பழைய ஜன்னல் பலகைகளைச் சாய்த்து அடித்து, காற்று போய்வர இடம் விட்டு, வெள்ளையடித்து, உள்ளே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டிருந்தார். தெருவில் பாதிப் பேர் அதைப் புறாக்கூண்டு என்றே நம்பினார்கள். புறாக்குஞ்சு விலைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் வீடு தேடி வந்ததும் உண்டு.

கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, பழைய வருஷங்களில் இதே மாதம் எப்படி இருந்தது என்றெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கீழே இறங்கி வந்து, "பெரும்பாலும் வழக்கத்தைவிட அரை டிகிரி கூட இருக்கும்" என்பார். "அரை டிகிரிக்கு நான் என்ன அத்தான் செய்யணும்? கொழம்புல உப்பைக் கொறைக்கணுமா?" என்று அம்மா கேட்பாள். அவர் கோபப்படமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. அடுத்தவர் மனசுக்குப் பிடித்ததைச் சொல்லமாட்டார், கணக்கில் வந்ததைத்தான் சொல்வார். சபைக் கூட்டத்துக்குத் தேதி குறித்துக்கொண்டு சந்தோஷமாக வந்த போதகர் ஐயாவிடமே, "அன்னைக்கு மழை இருக்கும் ஐயா" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியவர்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அத்தைக்குக் கல்யாணம் முடிவானது. அத்தை என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதற்கு முன்பு இரண்டு சம்பந்தங்கள் கிட்டத்தில் வந்து கைவிட்டுப் போயிருந்தன. இரண்டுமே "கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுவோம்" என்ற பேச்சில் தொடங்கி, அப்படியே தள்ளிக்கொண்டே போய் மறைந்துவிட்டன.

இந்த மாப்பிள்ளைக்குச் சாத்தான்குளம். வளைகுடாவில் ஏசி மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் ஹாலில் அவரும் அத்தையும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அத்தை சத்தம் போட்டுச் சிரித்தாள். சட்னி அரைத்துக்கொண்டிருந்த அம்மா மிக்சியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "முடிஞ்சிட்டுடி" என்றாள். என்ன முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

மாப்பிள்ளைக்கு நவம்பர் தொடக்கத்தில் லீவு முடிகிறது. அதற்குள் கல்யாணம் வைக்க ஊரில் ஒரு மண்டபம்கூடக் காலியில்லை. சபைப் பள்ளிக்கூடத்து மைதானம்தான் கிடைத்தது, அதுவும் அக்டோபர் கடைசியில். சரி என்று பத்திரிகை அடிக்கக் கொடுக்கப்போகும் நேரத்தில், செப்டம்பர் கடைசி நாளன்று, மாப்பிள்ளையின் அண்ணன் தன் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர்தான். ஆனால் எதற்கும் பயப்படுகிறவர்.

"தப்பா நெனைக்காதிய. ஐப்பசி மாசம், தெறந்த வெளி. போன வருசம் எங்க பக்கத்துல ஒரு கல்யாணத்துல பந்தலு சோத்துப் பானை மேலேயே விழுந்துட்டு. தம்பி அடுத்த லீவுக்கு வரட்டும். கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுவோம்" என்றார்.

அடுத்த லீவு என்றால் இரண்டு வருஷம். அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்த அத்தை தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அப்போது அந்த அண்ணனின் மனைவி, "இங்கன பெரிய அண்ணாச்சி மழை வெயிலெல்லாம் பாத்துச் சொல்லுவாகளாமே. அவுகளையே கேட்டா என்ன?" என்றார்.

நான்தான் மாடிக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். பெரியப்பா காதில் செருகிய பென்சிலோடு இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அத்தை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை கெடையாது. வெயிலு. சித்திரை மாதிரி அடிக்கும்" என்றார் பெரியப்பா.

"நிச்சயமாத்தான் சொல்லுதியளா அண்ணாச்சி?"

"நிச்சயமா."

சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் மாடிக்குப் போய்விட்டார். பத்திரிகை அச்சுக்குப் போனது.

அந்த அக்டோபர் உண்மையிலேயே அப்படித்தான் அடித்தது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். மழைக்கென்று வாங்கிவைத்த குடைகளை எல்லாரும் வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தெருநாய்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. மழை லீவை நம்பி வீட்டுப்பாடம் எழுதாமல் விட்டிருந்த எங்களுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. வீட்டு ஜெபத்தில் என் முறை வந்தபோது, நாளைக்கே நல்ல மழை பெய்து பள்ளிக்கூடத்துக்கு லீவு விட வேண்டும் என்று சத்தமாக ஆண்டவரிடம் கேட்டேன். முழங்காலில் நின்ற பெரியப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பரீட்சைக்கு மட்டும் ஜெபம் பண்ணு பிள்ள, போதும்" என்றார்.

கடைத்தெருவில் அவருக்கு மவுசு கூடிவிட்டது. பலசரக்குக் கடைக்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "அண்ணாச்சி சொன்னா சொன்னதுதான் வே! டிவில சொல்லுதவன்லாம் இவுககிட்டப் பிச்சை வாங்கணும்" என்பார். பெரியப்பா சிரிக்காமல் நடப்பார். எவ்வளவு அடக்கமான மனுஷர் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அவர் மாடிக்கு ஏறுவது மட்டும் அளவில்லாமல் போனது. விடிந்ததும் ஏறுவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் ஏறுவார், சாயங்காலம் ஏறுவார். பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிட வானத்தை அதிகமாகப் பார்த்தார். மேற்கே மலைப்பக்கம் மேகம் கூடினால் அது கலையும்வரை சாப்பிட வரமாட்டார்.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயா ஓர் அறிவிப்புச் சொன்னார். ஆற்றோர ஊர்களில் பிசானப் பருவத்து நெல்லுக்கு நாற்றுப் பாவி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறார்கள், குளங்களெல்லாம் வறண்டு கிடக்கின்றன, ஆகவே சபையார் எல்லாரும் மழைக்காக ஊக்கமாய் ஜெபிப்போம் என்றார். கோயிலே முழங்காலிட்டது. பாடகர் குழுவில் நின்ற அத்தையும் முழங்காலிட்டாள். ஐயா உருகி உருகி ஜெபித்தார். வானத்தின் மதகுகள் திறக்க வேண்டும் என்றார், இந்த வாரமே திறக்க வேண்டும் என்றார். முடிவில் கோயில் அதிர "ஆமென்" என்றார்கள். என் பக்கத்தில் பெரியப்பாவின் வாய் மட்டும் இறுக மூடியிருந்தது.

முழங்கையால் இடித்து, "ஆமென் சொல்லலையா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் சொல்லுதேன்" என்று காதுக்குள் சொன்னார்.

கல்யாண நாளில் மேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோட்டு போட்ட மாப்பிள்ளை கோயிலுக்குள் வந்தபோதே முகத்தில் வேர்வை ஓடியது. அவர் மட்டும், "நாங்க வேலை செய்யுத எடத்துக்கு இது குளுருகாலம்" என்று எல்லாரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். மைதானத்தில் சாமியானாவுக்குக் கீழே விருந்து. கறிச்சோறு சாப்பிட்டவர்கள் பாதியில் எழுந்துபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து மீதியைச் சாப்பிட்டார்கள். கேக்கின் மேல் நின்ற சர்க்கரை மாப்பிள்ளையும் பெண்ணும் மெல்ல மெல்லச் சாய்ந்து, கிரீமுக்குள் இடுப்புவரை இறங்கிப்போனார்கள். ஐஸ்கிரீம் பாலாகிவிட்டதால் நாங்கள் கப்பைத் தூக்கிக் குடித்தோம், எத்தனை கப் என்று பார்க்க யாருக்கும் தெம்பில்லை. இவ்வளவு வேர்த்த ஒரு கூட்டம் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

வெயில் தாழும் நேரத்தில் மாப்பிள்ளையும் அத்தையும் காரில் ஏறச் சாத்தான்குளத்துக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அத்தை நின்று, "ஆத்துல ஒரு தடவ கால நனைச்சிட்டுப் போவமா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள். அவ்வளவுதான். கார், வேன், ஆட்டோ எல்லாம் கொக்கிரகுளம் ஆற்றுத்துறைக்குத் திரும்பின. பாபநாசம் அணையில் குடிதண்ணீருக்குத் திறந்துவிட்ட தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் நாங்கள் பட்டுப்பாவாடையோடு விழுந்தோம். திட்ட வந்த அம்மாவும் இறங்கினாள். மழைக்குப் பயந்து கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொன்ன அந்த அண்ணன், புதுவேட்டியோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, "நனைஞ்சிரக் கூடாதுன்னு சொன்னவனே நான்தானப்பா" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

பெரியப்பா மட்டும் படித்துறையில் நின்றார். கண் அப்போதும் வானத்தில்தான் இருந்தது. வெள்ளைப் பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்ற அத்தை, "அண்ணே, இனிமே மேல பாக்க வேண்டாம். எறங்கி வாங்க" என்றாள். அவர் இறங்கி வந்தார். அவள் குரலைத் தாழ்த்தி, "நெசமா அன்னைக்கு என்ன கணக்கு வந்துச்சு?" என்று கேட்டாள்.

பெரியப்பா ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். "கல்யாணப் பொண்ணு கணக்கெல்லாம் கேக்கக் கூடாது" என்றார். அத்தை சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். டீச்சராக இருந்தாலும் கல்யாணத்தன்றைக்குமா கணக்கு என்று நான் நினைத்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு, லீவுக்கு வந்திருந்த அத்தைதான் எனக்கு விவரம் சொன்னாள். பெரியப்பாவின் கணக்கில் வந்தது நல்ல மழை. அந்த அக்டோபர் வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் அன்றைக்குக் குழுவுக்கு எழுதி அனுப்பியிருந்தார். அனுப்பி முடித்த கையோடு கீழே வந்து, எங்களிடம் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய்க் கணிப்பு அப்படியே பலித்தது. உண்மையாகச் சொன்னதோ படுத்துவிட்டது. தெருவே அவரைக் கொண்டாடிய அந்த மாதம், குழுவில் அவர்தான் கடைசி. "‘நிச்சயமா’ன்னு சொன்னாக பாரு, அண்ணன் வாயில அந்தச் சொல்லு வரவே வராது. எனக்கு அப்பமே தெரிஞ்சுட்டு" என்றாள் அத்தை. கல்யாணம் முடியும்வரை அவர் கட்டிலுக்கு அடியில் தார்ப்பாய்கள் மடித்துக் கிடந்ததையும், மழை வந்தால் பந்தியை மாற்றப் பள்ளிக்கூட வகுப்பறைகளின் சாவியை அவர் வாங்கி வைத்திருந்ததையும் அவளே சொன்னாள்.

அப்போது இதெல்லாம் தெரியாத எனக்கு, கடைசியில் மழை வந்துசேர்ந்த மத்தியானம் பெரிய துக்கமாக இருந்தது. கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். அக்டோபர் இன்னும் முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளிச்சம் மங்கியது. காற்று ஜன்னல்களை அடித்துச் சாத்தியது. பிறகு ஒரே கொட்டு. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து கைநீட்டி நின்றார்கள். கொடியில் கிடந்த துணிகளை எடுக்க அம்மா என்னைக் குடையோடு மாடிக்கு விரட்டினாள்.

பெரியப்பா அங்கே மழைக்குள் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் கைப்பிடிச் சுவரில் ஊன்றியிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முதலில் சிரிக்கிறாரோ என்று நினைத்தேன். ஆனால் கண் சிவந்திருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாதம் முடியும் நேரத்தில் இந்த மழை வந்து அவருடைய கணிப்பைக் கெடுத்துவிட்டது. பாவம், எவ்வளவு பாடுபட்டுச் சொன்ன வெயில்! போதாததற்கு, இந்த மழையைக் கேட்டு ஜெபித்தவளும் நான்தான்.

துணியை மறந்துவிட்டு ஓடிப்போய் அவருக்குக் குடை பிடித்தேன். கை எட்டவில்லை. குடைக்கம்பி அவர் காதில்தான் இடித்தது.

"அழாதீங்க பெரியப்பா. கடைசியிலதான மழை வந்திருக்கு, உங்க கணக்கு ரொம்ப ஒண்ணும் கொறஞ்சிராது. அடுத்த மாசம் கரெக்டாச் சொல்லிரலாம்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து என் குடைக்குள் வந்தார். "ஆமா மக்கா, அடுத்த மாசம் பாத்துக்கிடுவோம்" என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டிருந்தது. பெரியவர்களைத் தேற்றுவது இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த துணிகளோடு நான் படியிறங்கி வந்தேன்.