நோட்டில் எழுதிய இழுப்பு

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலி சுரங்கத்தில் எனக்கு வேலை பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்த புதிது. எங்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. அவளுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் விலா எலும்பு தெரிய மூச்சுக்குத் தவிப்பாள். நான் முருகனிடம் வைக்காத வேண்டுதல் இல்லை.

அப்போது சென்னையிலிருந்து ஒரு டாக்டர் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். இருக்கும் இடத்தை மாற்றினால் இழுப்பு அடங்குகிறதா என்று சில குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார். எங்களையும் கேட்டார். மூன்று மாதம் குழந்தை வேறு ஊரில் இருக்க வேண்டும். அன்றாடம் எப்படி இருந்தாள் என்று நோட்டில் குறிக்க வேண்டும். சம்மதித்து, மேல்பட்டாம்பாக்கத்தில் என் மனைவியின் அக்கா வீட்டில் விட்டோம்.

அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது. ஞாயிறுதோறும் நான் பஸ் ஏறிப் போய், அவர் சொல்லச் சொல்ல, பிள்ளையார் சுழி போட்டு எழுதுவேன்.

"ஒரு நாளுகூட இழுக்கல தம்பி. ஓடி ஆடிக்கினுதான் கெடக்குது" என்பார்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அங்கே நன்றாக இருக்கிறாள் என்றால், வீட்டுக்கு வரமாட்டாள் என்றுதானே பொருள்?

"என்னா தம்பி, புள்ள நல்லா இருக்குதுன்னா மூஞ்சி ஏன் இப்டி சுருங்குது?" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். நான் குனிந்து எழுதுவதைத் தொடர்ந்தேன்.

வீட்டில் என் மனைவி, மகள் விட்டுப்போன பாவாடையை வாராவாரம் துவைத்து மடித்து வைப்பாள். அழுக்கே இல்லாத துணி.

இரண்டாம் மாதம் ஒரு ஞாயிறு, கிளம்பும்போது மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வரேம்பா. வூட்டுக்குள்ளகூட வேணாம், வாசல்லயே இருந்துக்கறேன்" என்றாள். விரல்களைப் பிரித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் நோட்டைத் திறந்து, இரண்டு நாளுக்கு 'இழுப்பு வந்தது' என்று எழுதினேன். இடம் மாற்றியும் பயனில்லை என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

அடுத்த வாரம் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். கடிகாரம் போல வட்டமான ஒரு கருவி வைத்திருந்தார். ஊதினால் மூச்சின் பலத்துக்கு ஏற்ப முள் நகரும். அன்று முள் என்றும் இல்லாத தூரம் போனது. நோட்டைப் படித்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"நோட்டுல ரெண்டு நாள் இழுப்புன்னு இருக்கு. முள்ளு நல்லா இருக்குன்னு சொல்லுது. பாப்பா, போன வாரம் இழுப்பு வந்துச்சா?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க. ரெண்டு நாளு வந்துச்சு."

நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நிமிடத்தில் தானே புரிந்துகொண்டாள்.

டாக்டர் என் நெற்றி விபூதியைப் பார்த்தார். "அப்பா எழுதினா சரியாத்தான் இருக்கும். கருவியிலதான் கோளாறு போல. இதுல எடுத்த மத்த பிள்ளைங்க கணக்கையும் தள்ளி வெச்சிட வேண்டியதுதான்" என்றார்.

"கருவி சரிதாங்க. நான்தான் பொய் எழுதினேன். புள்ளையும் எனக்காகத்தான் சொல்லிடுச்சி" என்றேன்.

அவர் திட்டவில்லை. மகளை வெளியே அனுப்பிவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். "குழந்தை மூச்சு எப்படி இருக்குன்னு மட்டும் இதுல எழுதுங்க. அவ இல்லாம உங்களுக்கு எப்படி இருக்குன்னு எங்கிட்ட வாயால சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

இரண்டு வரிகளையும் அடித்துத் திருத்தினேன். பிறகு சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

மூன்று மாதம் முடிந்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரே வாரத்தில் இழுப்பு திரும்பிவிட்டது. திரும்பவும் அங்கேயே கொண்டுபோய் விட்டோம். அங்கேயே படித்தாள், வளர்ந்தாள். பண்டிகைக்கு விருந்தாளி போல எங்கள் வீட்டுக்கு வந்து போனாள்.

இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். 'சுகமாக இருக்கிறேன்' என்று அவள் கடிதம் வரும்போதெல்லாம், இது போதும் முருகா என்று கும்பிடுகிறேன். மனசுக்குப் போதவில்லை என்பதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.