அழ வராத ருக்மணி அக்கா

சென்ற திங்கட்கிழமை மில்லில் பகல் ஷிப்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து தகவல் சொன்னார். என் அக்கா ருக்மணி காலமாகிவிட்டார்கள். ஒரு வாரமாகக் காய்ச்சல். காலையில் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்களே என்று நம்பி வேலைக்குப் போயிருந்தேன்.

அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் பலருக்குத் தெரியும். அந்தப் பேரை வைத்தவர்கள் எல்லோரும் துக்கத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்காகவும், அக்காவைத் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சிங்காநல்லூரில் வளர்ந்த காலத்தில் அக்கா சிரித்தால் அடுத்த வீதிக்குக் கேட்கும். வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்தோம். மகள் பிறந்த மறு வருடம் அந்த முகம் மெல்ல அடங்கியது. யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்று அக்கா சொன்னார்கள். குழந்தை நடை பழகியபோது வீடே கைதட்டியது. அக்கா பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். சோறு ஊட்டுவதிலும் தலை வாருவதிலும் ஒரு குறையும் இல்லை. முகத்தில்தான் ஒன்றும் இல்லை.

புதுப் பைசா வந்த ஐம்பத்தேழாம் வருடம் அக்காவின் மாமியார் காலமானார். எங்கள் பக்கம், துக்கத்துக்கு வரும் பெண்களை அந்த வீட்டு மருமகள் எதிர்கொண்டு கட்டிப்பிடித்து அழ வேண்டும். அக்கா கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்கள். ஒருத்தி ஓங்கி ஒப்பாரி வைத்தபோது சிரித்துவிட்டார்கள். அதோடு முடிந்தது. காரியம் ஆனதும் குழந்தையை வைத்துக்கொண்டு அக்காவை மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நியாயம் கேட்கப் போனோம். பெரியவர்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள். மாமியார் படத்துக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, அழுது மன்னிப்புக் கேட்டால் குழந்தையைக் கொடுப்பார்களாம். என்ன தாராள மனசு. அக்கா வெகுநேரம் படத்தையே பார்த்து நின்றார்கள்.

"அழுகோணும்னு தெரியுதுங்க. வர மாட்டேங்குதுங்க" என்றார்கள்.

அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இது மனநோய் என்றார். குரல் கேட்பதைப் போலவே முகம் வற்றிப்போவதும், இடம் தெரியாமல் சிரிப்பு வருவதும் அந்த நோய்தான். முகத்தில் காணோம் என்பதால் மனசில் இல்லை என்று ஆகாது என்றார். மாத்திரையில் குரல்கள் அடங்கின. முகம் திரும்பவில்லை. இதையெல்லாம் வெள்ளகோவில் போய் அக்காவின் கணவரான மச்சானிடம் சொன்னேன். பாசமில்லாததற்கு இப்படியும் ஒரு பேரா என்று கேட்டார்.

திங்கட்கிழமை வெள்ளகோவில் பெண்கள் வாசலிலேயே தொடங்கி மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். குறை சொல்ல முடியாத அழுகை. பிறகு முகம் கழுவிக்கொண்டு பஸ் நேரம் விசாரித்தார்கள். கூட வந்திருந்த அக்கா மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் அழவில்லை. பாவம், அதிர்ச்சியில் இருக்கிறாள் என்றார்கள். இந்த இரக்கத்தில் ஒரு துளி அன்றைக்கு அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது அவள் தனியாக என்னிடம் வந்தாள்.

"ஏனுங் மாமா, அம்மாவுக்கு என்னையப் புடிக்குமுங்களா?"

திருச்சி ரோட்டுக்கு அழைத்துப் போய், வெள்ளகோவில் பஸ் நிற்கும் புளியமரத்தடியைக் காட்டினேன். சாயங்காலமானால் அக்கா அங்கே வந்து, இறங்குகிற பெண் குழந்தைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள் என்று சொன்னேன். மழையானாலும் அப்படித்தான்.

"அழுவாங்களா மாமா?"

"இல்ல கண்ணு. நின்னு பாப்பாங்க."

அவள் மரத்தடியில் போய் நின்று, பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

போய் வாருங்கள் அக்கா. இனி அழச் சொல்லி யாரும் உங்களை நிற்கவைக்க மாட்டார்கள்.