ஒரு துவக்குக்கு வண்டிக்கூலி

அன்று மேல்மாடிக் குசினியில் நாலு பேர் இருந்தோம்: எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த வயதான ஜெர்மன் விதவை, துப்பாக்கிக் கடைக்காரர், என் மனைவி, நான். காப்பிக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, மேசையின் நடுவில் பச்சைத் துணியில் சுற்றிய வேட்டைத் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார்கள். எங்கள் பேச்சில் அது துவக்கு. நான் அதையும் ஓர் ஆளாக எண்ணி, கதவுக்குக் கிட்டவாகவே நின்றேன்.

அந்த அம்மாவின் கணவர் வேட்டைக்குப் போகிறவர். அவர் இறந்த பிறகு, டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் துவக்கை வாங்கச் சம்மதித்து, பணத்தையும் வங்கியில் போட்டுவிட்டார். ஆனால் சனிக்கிழமை அவர் வேட்டைக்குப் போகவேண்டும். வியாழக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் வியாபாரம் இல்லை, பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதியிருந்தார்.

"சாதாரண பார்சலில் அனுப்ப முடியாது" என்றார் கடைக்காரர். "இதற்கென்றே இருக்கும் கம்பனி நூற்று நாற்பது யூரோ கேட்கிறது. அதுவும் அடுத்த கிழமைதான்."

அவர் சொல்லி முடிய மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹனோவரில் சொந்த வான் வண்டி வைத்துப் பார்சல் ஓட்டிக்கொண்டிருந்தவன். தொழிலாகப் பதிந்து சாமான் ஏற்றுகிறவன் கொண்டுபோகலாம், அவனுக்குத் துப்பாக்கிப் பத்திரம் தேவையில்லை என்று கடைக்காரர் விளக்கினார். என் பதிவுப் பத்திரத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

மனைவி தமிழில், சிரித்த முகத்தோடு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே? பாஸ்போர்ட் வரப்போற நேரத்தில துவக்கைக் கொண்டு திரியப்போறியளே?"

அவள் சொன்னது சரி. எங்கள் குடியுரிமை விண்ணப்பம், இங்கத்தைய பேச்சில் ஆன்ட்ராக், அப்போது அலுவலகத்தில் கிடந்தது. பொலீசோடு ஓர் அலுவல் என்றாலும் முடிவு தள்ளிப்போகும் என்று அங்கிருந்த பெண் எனக்கு விரலை நீட்டிச் சொல்லியிருந்தாள். பதினெட்டு வருசத்துக்கு முந்தி ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவன் நான். அதற்கு முதல் ஊரில் துவக்கு வைத்திருந்த எல்லாப் பக்கத்துக்கும் கையை உயர்த்திக் காட்டியவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றதும் அதனால்தான்.

ஆனால் அந்த ஆன்ட்ராக்கின் அத்தனை பக்கங்களையும் நிரப்பித் தந்தது அந்த அம்மா. அதே மேசையில், அதே கோப்பைகளில் காப்பி ஊற்றித் தந்து.

"நீர் சும்மா இரும்" என்றேன் மனைவிக்கு. "இவவுக்கு எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது?"

அந்த அம்மா ஒரு சின்னக் குறிப்புக் கொப்பியைத் திறந்து, "என்ன கூலி?" என்று கேட்டார். நூற்று நாற்பது என்று சொல்லியிருக்கலாம். நூறு என்றாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஆக்களில் தெரிந்த மனிசரிடம் யார் விலை சொல்வார்கள்? "நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ" என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் தலையாட்டி, கொப்பியில் ஏதோ எழுதி மூடினார். பக்கத்தில் வந்து மனைவி என் காலை மிதித்தாள்.

சுடும் பாகத்தைக் கழற்றி ஒரு சின்னப் பெட்டியிலும், மிச்சத்தை நீளப் பெட்டியிலும் வைத்துக் கடைக்காரர் ஒட்டினார். ரவைகள் தன் கடையிலேயே நிற்கட்டும் என்றார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது உறுதியா என்று நான் கேட்டேன். முதல் தரம் சிரித்தார், இரண்டாம் தரமும் சிரித்தார், மூன்றாம் தரம் பெட்டியைத் திரும்பத் திறந்து காட்டினார். அனுப்புபவர், பெறுபவர், துவக்கின் இலக்கம் எல்லாம் எழுதி ஒரு தாள் தந்தார். அதன் கடைசி வரியைத் தானே வாசித்துக் காட்டினார்: பெயர் எழுதியவரின் கையில் மட்டும், அவருடைய அடையாள அட்டையையும் பத்திரத்தையும் பார்த்த பிறகு.

வியாழக்கிழமை விடிந்ததும் வெளிக்கிட்டேன். இங்கே ஒரு தமிழன் வானோடு இன்னொரு நகரத்துக்குப் போனால், வெறும் வானோடு போக விடமாட்டார்கள். டார்ம்ஸ்டாட்டில் மனைவியின் தமக்கை இருக்கிறார். மனைவி இருபது கிலோ சிவப்பரிசியையும், வீட்டில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் நாலு பையையும் கொண்டுவந்து ஏற்றினாள்.

"இண்டைக்கு வேண்டாமப்பா" என்றேன்.

"துவக்குக்கு இடமிருக்கு, தூளுக்கு இடமில்லையோ? அக்கா கேட்டு மூண்டு மாசம்."

இதில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். நீளப் பெட்டி வெளியில் தெரிய வேண்டாமே என்று, அதைச் சுவரோரம் வைத்து, அரிசிப் பையையும் தூள் பைகளையும் முன்னால் அடுக்கி மறைத்தேன்.

காசல் நகரம் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினேன். சலம் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வானை விட்டு எப்படிப் போவது? யோசித்துக்கொண்டு கதவடியில் நின்றபோது பொலீஸ் கார் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு பெண், ஒரு ஆண். வழமையான சோதனை, பத்திரங்களைத் தா என்றார்கள். அவர்கள் கேட்குமுன்னமே என் வாய் சொல்லிவிட்டது: "உள்ளே துப்பாக்கி இருக்கு."

அந்தப் பெண் ஓரடி பின்னுக்குப் போனாள். அவள் கை இடுப்புக்குப் போனது. என் கைகள் இரண்டும் தாமாக மேலே போய்விட்டன. எத்தனை வருசத்துப் பழக்கம்.

"கையை இறக்கு. யாருடையது?"

தாளை நீட்டினேன். அவள் வாசித்தாள். மற்றவர் கடைக்காரருக்குத் தொலைபேசி அடித்துப் பேசினார். பெட்டியைத் திறந்து இலக்கத்தை ஒத்துப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் துவக்கு சரி என்றாகிவிட்டது. மூச்சு விட்டேன்.

பிறகு அவர் தூள் பை ஒன்றைத் தூக்கினார். லேபிள் இல்லாத தெளிந்த பிளாஸ்டிக் பை, வாய் சூட்டில் ஒட்டியது. அப்படி நாலு.

"இது என்ன?"

"மிளகாய். சாப்பாட்டுக்கு."

"இதற்குத் தாள் இல்லையா?"

துவக்குக்குத் தாள் இருந்தது. மிளகாய்த்தூளுக்கு ஒன்றும் இல்லை. இதை ஏன் துப்பாக்கிக்கு முன்னால் அடுக்கினாய் என்று கேட்டார். மறைக்கத்தான் என்று சொல்லவும் பயம், சொல்லாமல் விடவும் பயம். இன்னொரு கார் வரவேண்டும் என்றார்கள். அது வர ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. நான் புல்லில் குந்திக்கொண்டு, ஆன்ட்ராக்கின் பக்கங்களை ஒவ்வொன்றாக மனத்தில் கிழித்துக்கொண்டிருந்தேன். வந்தவர் பையைத் திறந்து மணந்து பார்த்தார். மணந்தார் என்றால் நன்றாகவே மணந்தார். ஐந்து தும்மலுக்குப் பிறகு, கண்ணில் தண்ணியோடு, "போ" என்று கையைக் காட்டினார். ஆனால் அந்தப் பெண் என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

டார்ம்ஸ்டாட்டில் அந்த வேட்டைக்காரரின் வீட்டு மணியை அடித்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. ஒரு மணிவரை பார்த்துவிட்டு அவர் வெளியே போய்விட்டாராம். அவர் மனைவிதான் நின்றார்.

"என்னிடம் தாருங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன். ஒரே வீடுதானே?"

ஒவ்வொரு நாளும் நான் செய்கிற வேலை அது. புருசனின் பார்சலைப் பெண்சாதியிடம், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில், அதுவும் இல்லாவிட்டால் தண்ணித் தொட்டிக்குப் பின்னால். கை நீண்டு, பெட்டியின் ஒரு முனை அவர் கைக்குப் போயும்விட்டது. அப்போதுதான் அந்தக் கடைசி வரி ஞாபகம் வந்து பெட்டியைத் திரும்ப இழுத்தேன். அவர் முகம் சிவந்தது. "என்னை நம்ப மாட்டீரா?" என்று கதவைச் சாத்தினார்.

நான் வானுக்குள் இருந்தேன். இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு. போகவும் ஏலாது. என் மனைவி கைத்தொலைபேசியில் வந்தாள்.

"அக்கா சோறு ஆக்கி வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. எங்க நிக்கிறியள்?"

"அவவின்ர வீட்டுக்குக் கிட்டத்தான். துவக்கோட வரட்டே?"

"அத்தானுக்குப் பிரஷர் இருக்கு. அங்கேயே இருங்கோ."

ஆறு மணிக்கு அந்த வேட்டைக்காரர் வந்தார். உயரமான, பண்பான மனிதர். அட்டையைக் காட்டினார், பத்திரத்தைக் காட்டினார், பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார். நான் நின்றேன். அவரும் நின்றார். பிறகு பையிலிருந்து முப்பது யூரோ எடுத்து, "வழியில் காப்பி குடியுங்கள்" என்று தந்தார். "கூலியை அந்த அம்மா பார்த்துக்கொள்வார் இல்லையா? போக்குவரத்தும் சேர்த்துத்தானே விலை."

வாயைத் திறந்தேன். வாசலில் அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களோடு ஒரு வாய்த்தர்க்கம், இவர்களிடமிருந்து ஒரு கடிதம், இன்னோர் இடத்தில் என் பெயர். "ஓம், நன்றி" என்று வந்துவிட்டேன்.

மறுநாள் படியில் அந்த அம்மா கேட்டார்: "அவர் கூலியைச் சரியாகத் தந்தாரா? வாங்குபவர் தருவது என்றுதான் என் கொப்பியில் இருக்கிறது."

தரவில்லை என்றால் அவர் உடனே கடிதம் எழுதுவார். அவர் எழுதுகிற கடிதம் எனக்குத் தெரியும். "எல்லாம் சரி" என்றேன்.

வீட்டில் மனைவி கணக்குப் பார்த்தாள். டீசல் அறுபத்தெட்டு, அன்றைய உழைப்புப் போனது வேறு. "கம்பனிக் காசையே வைப்பம், நூற்று நாப்பது. தந்தது முப்பது. பாஸ்போர்ட் வரட்டும், பிறகு கேப்பம்."

தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் காசல் பொலீசின் கடிதம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். ஏழு மாதம் கழித்துக் குடியுரிமைப் பத்திரம் கைக்கு வந்தது. அந்தப் பொலீஸ்காரி எழுதிய பெயர் எங்கே போயிற்றோ, யாரும் கேட்கவில்லை.

"இப்ப போய்க் கேளுங்கோவன். இனி ஆர் உங்களை அனுப்பப்போறாங்கள்?" என்றாள் மனைவி.

மேலே போனேன். அந்த அம்மா கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அதே மேசையில் கேக் வெட்டி வைத்திருந்தார். இரண்டு துண்டு சாப்பிட்டேன். இறங்கி வந்தபோது மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"கேட்டனீங்களோ?"

நூற்றுப் பத்து யூரோ இன்னும் வரவேண்டும்.