ஆயுதபூஜையன்று நட்ட பலகை

அப்பாதுரைக்குத் தன் லைசென்ஸ் புத்தகத்தை எல்லோருக்கும் காட்டுவதில் ஒரு பைத்தியம். பெங்களூர் அல்சூரில் நான் மாடி வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே, கீழ் வீட்டுக்காரரான அவர் அதைப் பட்டுத்துணியிலிருந்து பிரித்துக் காட்டினார். இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். குற்றம் எழுதிய சிவப்பு மை ஒரு பக்கத்திலும் கிடையாது. வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவரிடம் டிரைவராக இருந்து, அந்தத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது அவருடைய ஹில்மன் காரை வாங்கி டாக்சி ஆக்கியிருந்தார்.

பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. காலையில் மனைவி சந்திரம்மா கைகொடுத்தால்தான் பாயிலிருந்து எழுந்திருப்பார். 1961-இல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்ட அவரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நிரந்தர வேலை, குடியிருக்க இரண்டு அறை. லைசென்ஸில் குற்றப் பதிவு இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. இதை மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த வருஷம் ஆயுதபூஜையன்று காலை, காரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டார். பூசணிக்காயில் குங்குமம் தடவி வீட்டுக்கு எதிரே ரோட்டில் உடைத்தார். சாவியும் லைசென்ஸும் சாமி படத்துக்கு முன்னால் போயின. மறுநாள் கற்பூரம் காட்டும் வரை இரண்டையும் தொட மாட்டார். பூஜை போட்ட வண்டியை அன்றைக்கு நகர்த்துவதில்லை என்பது அவர் வழக்கம். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு நாலு ஆட்கள் வந்து, காருக்குப் பக்கத்தில் குழி தோண்டி, அங்கே கிடந்த பூசணித் துண்டுகளையும் உள்ளே தள்ளி, வண்டி நிறுத்தக் கூடாது என்ற பலகையை நட்டு, சிமெண்ட் பூசினார்கள். மறுநாள் யாரோ பெரிய மனிதர் அந்த வழியாகப் போகிறாராம். நான் ஜன்னலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். காரை எடுக்கச் சொல்லட்டுமா என்று மேஸ்திரியைக் கேட்டேன். "இர்லி பிடி சாமி, ஹப்பா அல்வா" என்றார் அவர். பண்டிகை நாள், இருக்கட்டும் விடுங்கள் என்று கன்னடத்தில் அவ்வளவு இதமாகச் சொன்னார். நானும் கீழே இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குப் போலீஸ் லாரி வந்தது. காரின் முன் பம்பரில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பிரேக் போட்டிருந்த சக்கரங்கள் உருளாமல் தேய்ந்துகொண்டே போயின. வாழைக்கன்று ஒன்று முறிந்து கூடவே இழுபட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? சத்தம் கேட்டு எழுந்த அப்பாதுரை பனியனோடு தெருமுனை வரை ஓடினார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டினால் உடனே காரை எடுத்துப்போகலாம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஒப்புக்கொண்டால் அது லைசென்ஸில் ஏறிவிடும். அப்பாதுரை முடியாது என்றார்.

"பலகைக்கு முன்னாடியே என் வண்டி நின்னுச்சுங்க. கம்பத்துக்கு அடியில தோண்டிப் பாருங்க, நான் ஒடச்ச பூசணிக்காய் கெடக்கும்."

இன்ஸ்பெக்டர் சிரித்தாராம். சர்க்கார் கம்பத்தைப் பிடுங்கினால் அதற்கு வேறு கேஸ் உண்டு என்றாராம். அப்பாதுரை மேஸ்திரியைத் தேடிப் போனார். எந்தக் காரையும் நான் பார்க்கவில்லை என்று அவர் கைவிரித்துவிட்டார். மூன்று வாரம் அந்தக் கார் வாடிய மாலையோடு ஸ்டேஷன் வாசலில் மழையில் நனைந்தது.

கேஸ் கோர்ட்டுக்குப் போகவும், கடைசியில் அப்பாதுரை என்னிடம் வந்தார். "நீங்க ஜன்னல்ல நின்னு பாத்தீங்களே சார். கோர்ட்டுல அத மட்டும் சொன்னாப் போதும்" என்றார். பார்க்கலாம் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிற எனக்குத் தெரியும். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி அனந்தபத்மநாபனிடம் யோசனை கேட்டேன். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு போலீசுக்கு எதிராகச் சாட்சி சொல்வதாக உத்தேசமா என்று கேட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை நாளில், வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவேன் என்றுதான் போனேன். அதை இப்போது யாரும் நம்ப வேண்டாம். கடைசி பெஞ்சில் ஒரு தடித்த ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பலகை பிறகுதான் நடப்பட்டது என்பதைப் பார்த்தவர்கள் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அப்பாதுரை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார். என் பெயர் தெரியும், என் ஆபீஸ் தெரியும். ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், எழுந்திருக்காமல் இருந்திருக்க முடியாது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவன் நான். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"யாரும் பாக்கலைங்க" என்றார்.

அபராதத்தை வாங்கிக்கொண்டு காரை விட்டார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினார்கள். ஆஸ்பத்திரி வேலை அந்த வாரமே வேறொருவருக்குப் போனது.

தீர்ப்பான அன்று அப்பாதுரை முகத்தில் விழிக்கப் பயந்து, பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் ஹில்மன் பக்கத்தில் வந்து நின்றது. முதுகுவலியோடு பின்பக்கம் எட்டி, பின்கதவை அவரே திறந்துவிட்டார்.

"வெயில்ல எதுக்கு சார் நடக்கிறீங்க. ஏறுங்க."

ஏறி உட்கார்ந்தேன்.