புகைபோக்கியில் சாக்கு

லேக் மார்க்கெட்டில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் மெஸ் நடத்திய அம்மாள் குள்ளமானவர். முன்கையெங்கும் எண்ணெய்த் தழும்புகள். தினமும் விறகடுப்பை மெழுகிக் கோலமிட்ட பிறகே பற்றவைப்பார். வாரந்தோறும் மூங்கிலில் துடைப்பம் கட்டிப் புகைபோக்கியின் கரியைத் தட்டுவார். மாடியில் இருந்த வங்காளி வீட்டுக்காரருக்கு அம்மாள் ‘மாஷிமா’, அதாவது சித்தி; அம்மாளுக்கு அவர் ‘தாதா’, அண்ணா.

அம்மாளைக் காலி செய்ய வைக்க, வீட்டுக்காரர் ஒருநாள் புகைபோக்கியைச் சாக்கால் அடைத்துவிட்டார். மறுநாள் அம்மாள் ஜன்னலைச் சாத்தி, மாடிப்படிக் கதவைத் திறந்துவைத்து, ஈரவிறகைப் பற்றவைத்தார். கண்ணீர் வழிய அடுப்படியிலேயே நின்றார். புகை படியேறியது.

வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஓடிவந்தார். “மாஷிமா, என்ன இது?”

“போற வழியை நீங்கதானே அடைச்சீங்க தாதா? அதான் உங்களையே கேக்க வருது.”

வீட்டுக்காரரே மொட்டைமாடி ஏறிச் சாக்கைப் பிடுங்கினார். கரிக்கையோடு திரும்பியவரிடம், “கையைக் கழுவிட்டு உட்காருங்க, தோசை வார்க்கறேன்” என்றார் அம்மாள்.

அது உபசாரமா, உத்தரவா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார்.