ஒன்று பத்துக்கு யார் பார்த்தது?

ரதிதேவி சின்னக் கட்டில்களுக்கு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு கட்டில்கள். மூலைகளை இழுத்து மெத்தைக்கடியில் செருக வேண்டும். சுருக்கம் விட்டால் பிள்ளையின் கன்னத்தில் அச்சு விழும். கிளென்ஃபீல்டில் நகரசபை நடத்திய அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கும் அறை அவளுடைய பொறுப்பு. 1986இன் குளிர்காலம். அன்று பரிசோதகர் வரும் நாள்.

ஊரில் பதினாறு வருடம் கணக்கு ரீச்சர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கணவன் தவராசாவோடு நியூசிலாந்துக்கு, ஒக்லண்ட் வந்தபோது அவளுடைய சான்றிதழை இங்கே யாரும் கேட்கவில்லை. கிடைத்தது இந்த வேலைதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் மூக்கடியிலும் விரல் பிடித்து மூச்சுப் பார்க்க வேண்டும். கதவடி ஆணியில் தொங்கும் தாளில், நேரத்துக்கு நேரே சரி போட வேண்டும். ஏதும் விசேஷமென்றால் பின்பக்கத்தில் எழுத வேண்டும். விடைத்தாள் திருத்திய கை; சரியின் வாலை நீளமாக இழுத்து, கீழே ஒரு புள்ளி வைப்பாள்.

“நித்திரை பார்க்கிறதுக்கும் சம்பளமோ?” என்று தவராசா பகிடி பண்ணுவான். “நான் குறட்டை விடேக்கையும் வந்து ஒரு சரி போடுமன்.”

“உங்கட குறட்டைக்குப் பிழைதான் போடவேணும்.”

பதினான்கு பிள்ளைகளுக்கு ஒருத்தி போதாது. பொறுப்பாளர் நைரீ நகரசபைக்கு இரண்டு தரம் எழுதிவிட்டாள். பரிசோதகர் பார்த்துச் சொல்லட்டும் என்று பதில் வந்தது.

ரதிதேவிக்கு நெஞ்சில் ஒன்று கிடந்தது. மூன்று கிழமைக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு மாதமாகத் தகவல் இல்லாத தம்பி. நைரீ வந்து கூப்பிட, இரண்டு நிமிடம் என்று ஓடினாள். இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. நைரீ பக்கத்திலேயே நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ஒன்று இருபத்தைந்து. பதைத்துப் போய்ப் பதினான்கு மூக்கிலும் விரல் வைத்தாள். எல்லாம் சுகம். பிறகுதான் தாளைப் பார்த்தாள். ஒன்று, ஒன்று பத்து, ஒன்று இருபது: மூன்றுக்கும் சரி போட்டிருந்தது. சமையலறை அன்ரனீற்றாதான் வந்து பார்த்திருக்கிறாள் என்று நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டாள்.

பரிசோதகர் நனைந்த குடையோடு வந்தார். சுடுதண்ணீரில் வெப்பமானி வைத்தார், வேலியை ஆட்டிப் பார்த்தார், மருந்து அலுமாரியைத் திறக்கச் சொன்னார். பிள்ளைகள் தூங்கியதும் நைரீயைக் காவலுக்கு இருத்திவிட்டு, ரதிதேவியை அலுவலக அறைக்கு அழைத்துத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றின் பின்பக்கத்தைக் கண்டதும் புரட்டுவதை நிறுத்தினார்.

“ஒன்று பத்து. நாலாம் கட்டில். முகத்தை மூடியிருந்த போர்வையை எடுத்துவிட்டேன்,” என்று வாசித்தார். “இது ஒரு உயிரைக் காப்பாற்றிய வேலை. இப்படிப் பார்க்கும் ஒருத்தி இருக்கும்போது இரண்டாவது ஆள் தேவையில்லை. அப்படியே எழுதப் போகிறேன்.”

ரதிதேவி எட்டிப் பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாள். அன்று அவள் பின்பக்கம் திருப்பவே இல்லை. எழுத்து அவளுடையது. சரிகளின் கீழே புள்ளியும் இருந்தது.

“ஒரு நிமிடம்,” என்று சொல்லிச் சமையலறைக்குப் போனாள். மன்னார்க்காரி அன்ரனீற்றா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் கொழும்பாலை கோல் வந்த அண்டைக்கு, நீர்தானே உள்ளுக்குப் போய்ப் பிள்ளையளைப் பார்த்தது?”

“நானோ? அண்டைக்கு நான் வேலைக்கே வரேல்லையே அக்கா. கடவாய்ப்பல்லுப் புடுங்கப் போனனான். அடுத்த நாள் என்ரை முகத்தைப் பார்த்துப் பூசணிக்காய் எண்டு சிரிச்சது ஆர்? நீங்கள்தானே?”

சிரித்தது நினைவுக்கு வந்தது.

“ஏனக்கா, ஆர் பார்த்தது?”

ரதிதேவி திரும்பி நடந்தாள். வழியில் தூங்கும் அறைக்குள் நுழைந்தாள். திரைகளுக்குள்ளே மங்கல் வெளிச்சம். பதினான்கு சின்ன மூச்சுகள். குளிருக்கு எல்லாப் பிள்ளைகளும் போர்வையைக் காதுவரை இழுத்திருந்தன. நாலாம் கட்டில் பிள்ளைக்கு மட்டும் போர்வை நெஞ்சளவில் மடித்து, இரு பக்கமும் செருகியிருந்தது.

“நீயா மடித்தாய்?” என்று மெல்லக் கேட்டாள்.

“இந்தக் கதிரையை விட்டு நான் எழும்பவே இல்லை,” என்றாள் நைரீ.

அலுவலக அறையில் பரிசோதகர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“அன்று அந்த நேரம் நான் அறையில் இல்லை,” என்றாள் ரதிதேவி. “அரை மணித்தியாலம் யாருமே இல்லை.”

அவர் முந்தைய நாள் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது உங்கள் எழுத்து.”

“என்னுடைய எழுத்துத்தான். நான் எழுதவில்லை.”

“இதைச் சொன்னால் உங்கள் வேலை போகலாம்.”

“தெரியும். ஆனால் அன்று பார்த்தது யாரென்று தெரியாது. இன்னொரு நாளும் வருவார்கள் என்று எப்படி நம்புவது? ஒருத்தி வெளியே போனால் மற்றவள் இருக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டுமென்று எழுதுங்கள்.”

பரிசோதகர் தாளின் பின்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவினார். அறிக்கையில் ஆட்களின் எண்ணிக்கைக்கான கட்டம் வெறுமையாகவே இருந்தது. பேனாவை மூடினார். தாள்களைப் பைக்குள் வைத்தார், அந்தத் தாளையும்தான்.

“எழுதுவீர்களா?” என்று ரதிதேவி மறுபடி கேட்டாள்.

அவர் ஈரக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.